ஆராய்ச்சியும் விலைப்பொருளாமோ?

நம் நாட்டுக் கலாசாலைகளில் கணினி அறிவியல் முதுநிலை வகுப்பிற் பயிலும் மாணாக்கர், தம் படிப்பின் இறுதிப் பருவத்தில், ஆசிரியர் ஒருவரது மேற்பார்வையின்கீழ் ஆராய்ச்சித் திட்டமொன்றை மேற்கொள்ளுதல் வேண்டும். அதனை அறிக்கையாக எழுதியளித்து, பரீட்சகர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வில் விடையிறுத்த பின்னரே பட்டம் கைகூடும். மாணவர் வழக்கில் அத்திட்டம் ‘புராஜெக்ட்’ என்றும், மேற்பார்க்கும் ஆசிரியர் ‘கைடு’ என்றும், வாய்மொழித் தேர்வு ‘வைவா’ என்றும் பெயர் பெறும். இவ்வேற்பாட்டின் உட்கருத்து மிக உயர்ந்தது. பாலர் வகுப்பு முதலாகப் பதினாறு ஆண்டுகள் ஆசிரியர் வினாவ மாணவர் விடையிறுத்து வந்தனர். இறுதியாண்டில்தான், வினாவையும் விடையையும் மாணவரே தேடிப் புறப்படுகின்றனர். எழுந்து நடக்கப் பழகும் குழவிக்குச் சுவர் எத்தகையதோ அத்தகைய துணையாக ஆசிரியர் அருகில் நிற்கின்றார்.

உயர்ந்த இவ்வேற்பாடு நடைமுறையில் எந்நிலையில் இருக்கின்றது என்பதை நாம் மறைக்காமற் பேசுதல் நன்று. பெருநகரங்களின் கடைத்தெருக்களில் புராஜெக்ட் விற்கும் நிலையங்கள் பல உள. அங்கே தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவிற் கேட்கக்கூடிய வினாக்களுக்கு ஏற்ற விடைகள் ஆகிய யாவும் ஒரே கட்டாகக் கிடைக்கும். சென்ற ஆண்டு ஒரு மாணவர் பெயர் இருந்த பக்கத்தில் இவ்வாண்டு மற்றொருவர் பெயர் ஏறும். கெட்டியட்டையும் பொன்னெழுத்தும் மாத்திரம் புதியன. இப்பொழுதோ அக்கடைக்குச் செல்லும் பேருந்துச் செலவும் மிச்சமாயிற்று. செய்யறிவுக் கருவியிடம் இரண்டு வரி எழுதிக் கேட்டால், நிரலையும் அறிக்கையையும் அது நொடிப்பொழுதில் அளித்துவிடுகின்றது. எல்லா மாணவரும் இவ்வழி நிற்கின்றனர் என்று நாம் கூறவில்லை. உண்மையாய் உழைப்போர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். அன்னார்க்கும் விலைக்கு வாங்கியோர்க்கும் ஒரே மதிப்பெண் கிடைப்பதே நம்மை வருத்துவது.

இதனால் ஏமாற்றப்படுவோர் யாவர்? பரீட்சகர் அல்லர், பல்கலைக்கழகமும் அன்று. நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வரும் மாணாக்கருட் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர். கடலை விற்ற பணமும், அடகு வைத்த நகையும் அன்னாரது கட்டணமாய் வந்து சேர்கின்றன. அப்பணத்தின் ஒரு பகுதி புராஜெக்ட் கடைக்குப் போகின்றது. பின்னர் உத்தியோகம் தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் அம்மாணவரை நோக்கி, நேர்முகத் தேர்வில், “நீர் செய்த திட்டம் யாது?” என்று வினவுகின்றனர். அவ்வினாவிற்கு மனப்பாடம் செய்த விடையை அவர் கூறிவிடுவார். “இம்முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்? வேறு முறையை முயன்றீரா? அது ஏன் பயன்படவில்லை?” என்னும் அடுத்த வினாவிலே நா எழாது. ஆங்கிலம் போதாமையே தம் தோல்விக்குக் காரணம் என்று அவர் எண்ணிக்கொண்டு ஊர் திரும்புவார். செய்யாத வேலையைப் பற்றி எம்மொழியிலும் பேசவியலாது என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் இலர்.

ஆகவே ஆராய்ச்சித் திட்டத்தை மெய்யாகவே ஆராய்ச்சியாக்கும் வழி யாது என்பதே நாம் எண்ணத்தக்கது. முதற்கண் வேண்டுவது நல்ல வினா. நல்ல வினா தொலைதூரத்தில் இருப்பதாக நம் மாணவர் எண்ணுகின்றனர். முதுநிலைப் பட்டத்திற்கென எழுதப்பெற்ற ஆய்வேடுகளுள் மிகுபுகழ் வாய்ந்தது எது என்று வினவின், அறிஞர் பலரும் கிளாடு ஷானன் என்பார் 1937-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த ஏட்டையே சுட்டுவர். அப்பொழுது அவர்க்கு வயது 21. வன்னெவர் புஷ் என்னும் பேராசிரியர் அங்கே அமைத்திருந்த பெரியதொரு கணிப்பு இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளுதல் அவரது வேலை. அதனை இயக்கிய ‘ரிலே’ என்னும் மின்விசைகள் திறந்தும் மூடியும் நிற்பதை நாடோறும் கண்ட அவர், மெய், பொய் என்னும் இரண்டே மதிப்புகளைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் வகுத்த தருக்கக் கணிதம் இவ்விசைகளுக்கும் பொருந்தும் எனக் கண்டார். இன்றைய கணினிச் சுற்றுகள் அனைத்தும் அவ்வுண்மையின்மேல் எழுந்தவை. அவரது வினா தாம் அன்றாடம் துடைத்துப் பேணிய இயந்திரத்திலேயே இருந்தது.

நம் மாவட்டத்தில் அத்தகைய வினாக்கள் இல்லையோ? வான்மழையை நம்பி வாழும் பூமி இது. கவிநாடு கண்மாய் போன்ற பெரிய நீர்நிலைகள் முதல் சிற்றூர்க் குளங்கள், ஊருணிகள் வரை எண்ணிறந்தன ஈண்டு உள. எந்தக் கண்மாயில் எந்த மாதத்தில் எவ்வளவு பரப்பிற்கு நீர் நின்றது என்பதைக் கணிக்கச் செயற்கைக்கோட் படங்கள் உதவும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2015-ஆம் ஆண்டு முதல் விண்ணிற் செலுத்திய சென்டினல்-2 கோள்கள், 10 மீட்டர் நுட்பத்தில், ஏறக்குறைய 5 நாட்களுக்கு ஒருமுறை எடுக்கும் படங்களை எவரும் விலையின்றிப் பெறலாம். இதிற் சிக்கல் ஒன்று உண்டு. நம் கண்மாய்கள் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். அக்காலத்திலேயே மேகம் கோளின் கண்ணை மறைத்துவிடும். மேகத்தை ஊடுருவும் ராடார்ப் படங்களைத் துணைக்கொள்ளலாம். ஆயினும், ஆகாயத்தாமரை படர்ந்த நீரும், சீமைக்கருவேல் மண்டிய கரையும் கணினிக்கு நிலம்போலத் தோன்றக்கூடும். அதனைப் பிரித்தறிவது எவ்வாறு? கரையில் நின்று பார்த்து வந்து கணினியின் விடையைத் திருத்தும் மாணவர்க்கே இவ்வினா வசப்படும். இதனை எக்கடையிலும் வாங்கவியலாது.

மற்றொன்று கூறுவாம். ஆலங்குடிப் பக்கத்து வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறுவகை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. உளுந்துப் பயிரை வாட்டும் மஞ்சள் தேமல் நோய் வெள்ளை ஈயினாற் பரவுவது. உழவர் யாவரும் அறிந்தது. இலையின் படத்தைக் கண்டு நோயை உணர்த்தும் நிரல் என்பது புராஜெக்ட் கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் சரக்கு. அறிக்கையில் 99 விழுக்காடு சரியென்று எழுதியிருக்கும். அவ்வெண்ணின் பின்னணியை மாணவர் அறிதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு வெளியான புகழ்பெற்ற ஆராய்ச்சியொன்றில், 54,306 இலைப் படங்களைக் கொண்டு பயிற்றிய நிரல், அதே தொகுதியின் படங்களில் 99.35 விழுக்காடு சரியான விடை தந்தது. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபொழுதோ அது 31 விழுக்காட்டளவிற்கு வீழ்ந்தது. இதனை அவ்வாராய்ச்சியாளரே ஒளியாமல் எழுதினர். அத்தொகுதியில் இருந்த 14 பயிர்களுள் உளுந்து இல்லை. நம் வயலில், நண்பகல் வெயிலில், புழுதி படிந்த இலையை உழவரது கைப்பேசியால் எடுத்த படத்திற்கு அந்நிரல் என்ன விடை கூறும்? 99 என்று பொய்யாய் எழுதும் ஏட்டினும், 60 என்று மெய்யாய் எழுதி, எஞ்சிய 40 ஏன் தவறின என்று ஆராயும் ஏடு நூறு மடங்கு மேலானது.

சரித்திரத்திலும் மொழியிலும் விருப்புடையார்க்கும் இங்கே குறைவில்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் 1929-ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளின் வாசகங்களைத் திரட்டி அச்சிட்டனர். குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும், சித்தன்னவாசலின் பழந்தமிழ் எழுத்துகளும் உலகப் பிரசித்தம். இவ்வாசகங்களிற் காணும் ஊர்ப்பெயர், அளவைப் பெயர், வரிப்பெயர் முதலியவற்றைத் தாமாகவே பிரித்தறியும் நிரலொன்றை இயற்ற முயல்க. இக்காலத் தமிழிற் பயின்ற மொழிக்கருவிகள் பழந்தமிழ் வாசகத்தில் எங்கெங்கே தடுமாறுகின்றன என்று பட்டியலிட்டாலும் அஃது ஆராய்ச்சியே. நம் தமிழ்த் துறை ஆசிரியரும் கணினித் துறை ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்வதற்கும் அது வாய்ப்பாகும்.

இனி, மேற்பார்வையாளர் கடமையைப் பற்றிச் சில கூறுவாம். “எமக்குத் தெரியாத பொருளில் மாணவரை எவ்வாறு நடத்துவது?” என்று ஆசிரியருட் சிலர் தயங்குகின்றனர். 1951-ஆம் ஆண்டில், மேற்சொன்ன மாஸச்சூஸெட்ஸ் கழகத்தில் ராபர்ட் ஃபானோ என்னும் ஆசிரியர், பரீட்சை எழுதுதல் அல்லது ஒரு வினாவிற்கு விடை தேடிக் கட்டுரை அளித்தல் ஆகிய இரண்டில் ஒன்றைத் தம் மாணவர் தெரிந்துகொள்ளலாம் என்றார். எழுத்துகளை மிகக் குறைந்த இருமக் குறிகளால் எழுதும் முறை யாது என்பது வினா. அதற்கு முற்ற முடிந்த விடையை ஃபானோவும் அறியார். டேவிட் ஹஃப்மன் என்னும் மாணவர் பல மாதம் முயன்று, கைவிடும் தறுவாயில் விடை கண்டார். 1952-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. நாம் கணினியிற் படங்களையும் கோப்புகளையும் சுருக்கி அனுப்பும்பொழுதெல்லாம் பெரும்பாலும் அம்மாணவரது முறையே உள்ளிருந்து தொழிற்படுகின்றது. மேற்பார்வையாளர் விடையை அறிந்திருத்தல் வேண்டுவதில்லை. வினா நல்லதா, முயற்சி மெய்யா, முடிவிற்குச் சான்று உண்டா என்னும் மூன்றையும் அறியும் கண் அவர்க்கு இருந்தாற் போதும்.

ஆனால் அக்கண்ணால் நோக்குவதற்குக் காலம் வேண்டும். ஓர் ஆசிரியரிடம் மாணவர் கூட்டத்தையே ஒப்படைத்துவிட்டு, மூன்று ‘ரிவியூ’க்களில் தலைக்கு ஐந்து நிமிஷம் செலவிடச் சொன்னால், எத்துணைச் சிறந்த ஆசிரியரும் கையொப்பம் இடுவதன்றி வேறு செய்ய இயலார். கலாசாலைகளை நடத்துவோர் இதனை ஆசிரியர் குறையென்று தள்ளிவிடாமல், மேற்பார்வைக்கெனக் கால அட்டவணையிலேயே நேரம் ஒதுக்குதல் வேண்டும். வகுப்பு எடுத்தலைப் போலவே மேற்பார்வையும் ஆசிரியர் வேலையின் பகுதியாக எண்ணப்படுதல் முறை.

காலந்தவறாது அறிக்கை அளித்தலின் பயனுக்குக் கணிதமேதை ராமானுஜனது சரித்திரமே சான்று. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாயிருந்த அவர், 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் சூத்திரங்களை எழுதியனுப்பினார். ஹார்டி வியந்து பாராட்டியதோடு நில்லாமல் நிரூபணங்களைக் கேட்டு விடையெழுதினார். அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தபொழுது, மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆராய்ச்சியின் போக்கை எழுதித் தருதல் வேண்டும் என்று விதித்தது. ராமானுஜன் அங்ஙனமே எழுதித் தந்தார். அத்தகைய மேதைக்கே நிரூபணமும் மும்மாத அறிக்கையும் வேண்டியிருந்தனவாயின், நம் போன்றார்க்கு வேண்டாமோ?

இங்கே சிலர் ஆக்ஷேபம் கூறுவர். “பெரிய கலாசாலைகளில் உள்ள விலையுயர்ந்த இயந்திரங்கள் நம்மிடம் இல்லையே” என்பது ஒன்று. ஈரோட்டில் 1933-ஆம் ஆண்டில் பிறந்தவர் பேராசிரியர் வைத்தீஸ்வரன் ராஜாராமன். அவர் டெல்லியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் என்னும் மிஷன் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராய், அங்கிருந்த அனலாக் கணிப்பொறிக்கு வேண்டிய உறுப்புகளைத் தம் கையாலேயே அமைத்தார். கான்பூர் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்தது. துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதி, முறை வரும்வரை மாணவர் காத்திருந்தனர். அங்கே 1965-ஆம் ஆண்டில் தொடங்கிய கணினி அறிவியல் முதுநிலைக் கல்வியை உருவாக்கியோருள் முதன்மையானவர் ராஜாராமனே. இன்று ஒரு மாணவரது சட்டைப்பையில் உள்ள கைப்பேசி அக்கணிப்பொறியினும் பன்மடங்கு வல்லது. கூகுள் நிறுவனத்தாரின் கோலாப் முதலிய வசதிகளும் ஓரளவிற்கு இலவசமாய்க் கிடைக்கின்றன. ஆதலின் இயந்திரக் குறை ஒரு காரணமாகாது. இருக்கும் இயந்திரத்திற்கேற்ற வினாவைத் தெரிவதே அறிவுடைமை.

“இறுதிப் பருவத்தில் உத்தியோகத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யவே காலம் போதவில்லை” என்பது இரண்டாவது ஆக்ஷேபம். இது பொருளற்றதன்று. இல்லத்தார் எதிர்பார்ப்பை அறிந்த எவரும் இதனை எளிதிற் புறக்கணியார். ஆனால் பரிகாரம் திட்டத்தை விலைக்கு வாங்குதல் அன்று. அதனை முன்னரே தொடங்குதல். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே வினாவைத் தெரிந்து, வாரம் ஒரு மாலைப்பொழுதை அதற்கென வைத்தால், இறுதிப் பருவத்தில் எழுதும் வேலை மாத்திரமே எஞ்சும். உத்தியோகம் அளிப்போர் வினாவுவதும் அவ்வேலையைப் பற்றியே என்பதை மேலே கண்டோம்.

“செய்யறிவுக் கருவிகளை அறவே விலக்குதல் வேண்டும்” என்பார் மூன்றாமவர். அஃது எம் அபிப்பிராயம் அன்று. கணக்கிடும் பொறி வந்தபொழுது வாய்பாடு அழியும் என்று அஞ்சினோர் இருந்தனர். கருவியைப் பயன்படுத்துக, எவ்விடத்திற் பயன்படுத்தினோம் என்று அறிக்கையில் எழுதுக. அது தந்த நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கூறும் பொறுப்பு மாணவரைச் சார்ந்தது. அக்கருவி இல்லாத நூலை உள்ளதுபோலச் சுட்டிக்காட்டும் இயல்புடையது. சுட்டிய நூலைத் தாமே திறந்து பாராதவர் அதனைத் தம் ஏட்டிற் சேர்த்தல் தகாது.

இவ்வளவும் கூறியபின், நம் கல்லூரியில் நடைமுறைக்குக் கொணரத்தக்க யோசனைகள் சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். மாணவர் ஒவ்வொருவரும் ஆராய்ச்சிக் குறிப்பேடு ஒன்று வைத்து, இன்ன நாள் இன்னது முயன்றேன், இன்னது தவறிற்று என்று தம் கையால் எழுதி, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளரிடம் காட்டுக. தவறிய முயற்சிக்கும் மதிப்பெண் தருக. தோல்வியை மறைக்கும் ஆசையே பொய்யான எண்களைப் பிறப்பிக்கின்றது. வைவாவில், அச்சிட்ட விடைகளைக் கேட்பதை விடுத்து, பரீட்சகர் ஒரு சிறு மாற்றத்தைக் கூறி, அதனை அவர் கண்முன்னரே நிரலில் செய்துகாட்டச் சொல்லுக. ஒரே கால்மணி நேரத்தில் சொந்தப் பொருள் இன்னது, இரவற்பொருள் இன்னது என்பது விளங்கிவிடும். ஒவ்வோர் அறிக்கையின் முகப்பிலும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் சேர்க்க. கண்மாயைப் பற்றிய ஆராய்ச்சியை அக்கண்மாயின் ஆயக்கட்டு உழவர் படித்தறிதல் வேண்டாமோ? அறிக்கைகளை நூலகத்திற் பேணி, அடுத்த ஆண்டு மாணவர் முந்தையோர் விட்ட இடத்திலிருந்து தொடங்குமாறு செய்க. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஒரே கண்மாயை நோக்கும் ஐந்து மாணவர், தனித்தனியே ஐந்து தலைப்புகளை நோக்குவோரினும் மிகுதியாய் அறிவர்.

நம் பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களிற் பலர் கணினித் தொழிலில் நல்ல நிலையில் இருக்கின்றீர்கள். கல்லூரிக்குப் பொருளுதவி செய்ய நினைப்போர் அதனை நிறுத்தவேண்டுவதில்லை. அதனினும் அருமையானது உங்கள் நேரம். மாதம் ஒருமுறை, ஒரே ஒரு மாணவரது குறிப்பேட்டைப் படித்து, “இஃது உமக்கு எவ்வாறு தெரியும்?” என்று ஒரு வினா எழுதியனுப்புங்கள். மேற்பார்க்கும் ஆசிரியர் சுமை குறையும். மாணவர்க்கும் நேர்முகத் தேர்வின் அச்சம் பாதியளவு நீங்கும்.

மாணவ நண்பர்களே! பட்டத்தாளில் உங்கள் திட்டத்தின் தலைப்பு அச்சிடப்படுவதில்லை. அது நீங்கள் பேசும்பொழுதும், தொழில் செய்யும்பொழுதும், தெரியாததைத் தெரியாது என்று துணிந்து கூறும்பொழுதும் வெளிப்படும். உங்கள் ஊர்க் கண்மாயின் கரையிலும், உளுந்து வயலின் வரப்பிலும், குன்றின் கல்லெழுத்திலும் எவரும் இதுகாறும் கேளாத வினாக்கள் காத்துக் கிடக்கின்றன. வரும் கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு, உங்கள் ஆசிரியரை அணுகுங்கள்.